மெசேஜ் ஐடியில் # இருந்தால் லிங்க் ஏன் உடைகிறது?

கேள்வி: எங்கள் மின்னஞ்சல் காப்பகத்தில் ஒவ்வொரு மடலுக்கும் உரிய தனி அடையாளமான மெசேஜ் ஐடியையே அதன் பக்க முகவரியாக வைத்திருக்கிறோம். சில லிங்குகள் மட்டும் 404 (பக்கம் இல்லை) காட்டுகின்றன. மடலோ தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. கோளாறு எங்கே?

பதில்: திறக்காத ஐடிகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் பாருங்கள். #, ?, /, % இவற்றில் ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். ஐடி மீது தப்பில்லை. மடலின் அமைப்பை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 5322 இவற்றை அனுமதிக்கிறது. யூஆர்எல்லில் இதே குறிகளுக்கு வேறு வேலை.

படு மோசம் # தான். 5512#83 என்று தொடங்கும் ஐடியை அப்படியே முகவரியில் சொருகினால், பிரவுசர் 5512 வரைதான் சர்வருக்கு அனுப்பும். மீதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தால் பாதி ஐடிதான் பதிவாகியிருக்கும். ? வந்தால் மீதி குவெரியாகிவிடும், அதாவது பக்கத்துக்கான கூடுதல் விவரமாக எடுத்துக்கொள்ளப்படும். / வந்தால் ஒரே ஐடி இரண்டு அடுக்காகப் பிளக்கும். %40 என்று இருந்தால் சர்வர் அதை @ என்று படித்துவிடும்.

கேள்வி: இந்தக் குறிகளை என்கோட் செய்தால், அதாவது # ஐ %23 என்பதுபோல் மாற்றி எழுதினால் போதுமா?

பதில்: ஒரே ஒருமுறை செய்தால் போதும். < > அடைப்பை நீக்கி, ஐடியை மட்டும் தனியாக என்கோட் செய்து, பிறகு முகவரியோடு ஒட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'என்கோட்யூஆர்ஐகாம்பொனன்ட்' வேண்டும். பெயர் ஒத்திருக்கிறதே என்று 'என்கோட்யூஆர்ஐ'யை எடுத்தால் #,?, / மூன்றும் அப்படியே தங்கும். பைத்தானின் 'குவோட்' சாய்கோட்டை (/) தொடாது. எந்தக் குறியை மாற்றாமல் விடவேண்டும் என்று அதற்குச் சொல்லும் 'சேஃப்' மதிப்பை வெற்றாகக் கொடுங்கள். நிரல் ஒருமுறை, டெம்ப்ளேட் மறுமுறை என்று இரண்டு தடவை நடந்தால் %23 என்பது %2523 ஆகும். லாகில் %25 மலிந்திருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சாய்கோடு மட்டும் அடங்காது. சரியாக என்கோட் செய்தாலும் அப்பாச்சி சர்வர் தன் இயல்பான அமைப்பில் அதற்கு 404 தான் தரும். அதனால் புதிதாகக் கட்டுபவர்கள் ஐடியை முகவரியில் வைக்காமல் இருப்பதே மேல். மடற்குழு மென்பொருளான மெயில்மேன் 3 செய்வதுபோல் ஐடியின் ஷா-1 ஹாஷை (ஐடியிலிருந்து கணக்கிடும் நிலையான நீளச் சுருக்கம்) பேஸ்32 என்னும் எழுத்துமுறையில் எழுதினால் எப்போதும் 32 இடம், எழுத்தும் எண்ணும் மட்டுமே. சாதா பேஸ்64 வேண்டாம்; அதிலேயே + உம் / உம் உண்டு.

கேள்வி: ஏற்கெனவே வெளியே பரவிவிட்ட # லிங்குகளை மீட்க முடியுமா?

பதில்: சர்வரால் முடியாது, அதற்குப் பாதிதான் வந்து சேர்கிறது. மீதி பிரவுசரில் இருப்பதால், 404 பக்கத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்து # முதல் உள்ளதைப் படித்து, # ஐ %23 ஆக மாற்றி, அதே பக்கத்தை மீண்டும் கேட்கச் சொல்லுங்கள்.