மாமியார் சொன்ன ஊசியும் வாட்ஸ்அப் சொன்ன ஊசியும்

கேள்வி: டாக்டரம்மா, என் பையனுக்கு நாலு வயசு, போன மாசம்தான் ஆட்டிசம்னு சொன்னாங்க. எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டி, உண்டு. அவன் வயித்துல இருந்தப்ப ஏழாம் மாசமே வலி வந்து ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, 32வது வாரத்துல பொறந்துட்டான். அந்த ஊசியாலதான் புள்ள இப்படி ஆயிட்டான்னு மாமியார் வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்றாங்க. நெட்ல பாத்தா ஆட்டிசத்துக்கு ஸ்டீராய்டு ஹார்மோன்தான் காரணம்னு வருது. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பழைய ஸ்கேன் ஃபைல எடுத்து வச்சுகிட்டு உக்காந்திருக்கேன். ரயில்வே கேட் மணி அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு கத்துறான், சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனா அவ்ளோ அலை சத்தத்துலயும் சிரிச்சிகிட்டு உக்காந்திருக்கான். நான்தான் தப்பு பண்ணிட்டேனா?
- பேர் வேணாம், திருப்பாப்புலியூர்

பதில்: மொதல்ல அந்த ஃபைல பீரோவுல வச்சுப் பூட்டுங்கம்மா. ஸ்டீராய்டுங்கறது ஒரு பொருளோட பேரு இல்ல, கொலஸ்ட்ரால்லேர்ந்து உடம்பு செஞ்சுக்கற ஒரு பெரிய குடும்பத்துக்கே பொதுப் பேரு, ஆண் ஹார்மோன்னு சொல்ற டெஸ்டோஸ்டிரோன், பெண் ஹார்மோன்னு சொல்ற ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், அப்புறம் கார்டிசால் எல்லாம் அதுல வரும். உங்களுக்குப் போட்டது கார்டிசால் வகையறா, குறைமாசப் புள்ளையோட நுரையீரல் சீக்கிரம் பக்குவமாகறதுக்கு. நியூசிலாந்துல லிக்கின்ஸ், ஹோவினு ரெண்டு டாக்டருங்க 1972ல இதப் பத்தி எழுதினாங்க, அதுக்கப்புறம் இந்த ஊசியால மூச்சுத்திணறல்லேர்ந்து தப்பிச்ச புள்ளைங்க எக்கச்சக்கம், உங்க பையனும் அதுல ஒருத்தனா இருக்கலாம். குறைமாசத்துல பொறந்தாலே ஆட்டிசம் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், அதே புள்ளைங்களுக்குத்தான் இந்த ஊசியும் போடறோம், அதனால பழி சுலபமா ஊசி மேல விழுந்துடுது. உங்க மாமியார் மாதிரி அடிச்சுச் சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது.

நெட்ல நீங்க பாத்தது வேற சமாச்சாரம். கேம்பிரிட்ஜ்ல சைமன் பேரன்-கோயன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரோட குழு டென்மார்க்ல ரொம்ப வருஷமா உறையவச்சு பாதுகாத்த பனிக்குட நீரை எடுத்து டெஸ்ட் பண்ணி 2015ல வெளியிட்டாங்க. பிற்பாடு ஆட்டிசம்னு தெரிஞ்ச 128 பையன்களோட பனிக்குட நீர்ல டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன், கார்டிசால் எல்லாம் சேர்த்துப் பாத்தா, மத்த பையன்களோடதைவிட சராசரியா கூடுதலா இருந்துச்சு. அப்புறம் ஈஸ்ட்ரோஜனும் அதே மாதிரின்னு இன்னொரு ஆய்வுல சொன்னாங்க. இதுல 'சராசரி'ங்கற வார்த்தையத்தான் எல்லாரும் முழுங்கிடறாங்க. முதுநகர் துறைமுகத்துல ரெண்டு போட்டு மத்தி வந்து இறங்குதுன்னு வைங்க, ஒரு போட்டு மீன் சராசரியா ஒரு விரக்கடை பெருசு. ஆனா கூடையிலேர்ந்து ஒரே ஒரு மத்திய எடுத்து உங்க கையில குடுத்து இது எந்த போட்டுன்னு கேட்டா சொல்வீங்களா? அந்த ஆய்வும் அப்படித்தான், ஒரு தனிப் புள்ளைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த ஹார்மோன் புள்ளைகிட்டேர்ந்து வந்துச்சா, நச்சுக்கொடியிலேர்ந்து வந்துச்சா, அம்மாகிட்டேர்ந்து வந்துச்சான்னும் அது பிரிச்சுச் சொல்லல.

பிசிஓடி? 2018ல இங்கிலாந்துல ஒரு கணக்கு வந்துச்சு, பிசிஓடி இல்லாத அம்மாக்களுக்கு ஆட்டிசம் புள்ள பொறக்கற வாய்ப்பு 1.7 சதவீதம், இருக்கறவங்களுக்கு 2.3. அவ்ளோதான் வித்தியாசம், இதுக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கறது! ஆட்டிசத்துல பெரிய பங்கு ஜீனுக்குத்தான், அது ரெண்டு வீட்டு சைடுலேர்ந்தும் வரும், மாமியாருக்கு இந்த வரிய மட்டும் படிச்சுக் காட்டணும்னா காட்டுங்க.

கேட் மணிக்கு கத்துறவன் அலைக்கு சிரிக்கறான்னு எழுதியிருக்கீங்களே, அதை நான் ரெண்டு தடவ படிச்சேன். ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட (அன்றாட வேலைக்கும் சத்தம், தொடுதல் மாதிரி விஷயங்களுக்கும் பயிற்சி குடுக்கறவங்க) போறப்ப ஃபைலுக்குப் பதிலா இதை எடுத்துட்டுப் போங்க, எந்தச் சத்தம் ஆகுது எந்தச் சத்தம் ஆகலன்னு ஒரு வாரம் எழுதி வச்சுக் குடுங்க, அவங்களுக்கு அது தங்கம்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கற ஊசி போட்டா சரியாயிடும்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் போட்டிருக்கார், புதுச்சேரியில யார் போடுவாங்க?
- ஒரு அப்பா, முத்தியால்பேட்டை

பதில்: யாரும் போடக் கூடாது தம்பி. அது லியூப்ரோலைடுனு ஒரு மருந்து, புராஸ்டேட் கேன்சருக்கும், சின்ன வயசுலயே பருவம் வந்துடற புள்ளைங்களுக்கும் குடுக்கறது. அமெரிக்காவுல மார்க் கீயர்னு ஒரு டாக்டர் இதை ஆட்டிசம் புள்ளைங்களுக்குப் போட்டுகிட்டு இருந்தார், 2011ல மேரிலாண்ட் மாநிலத்துல அவரோட லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. புள்ளையோட எலும்பு வளர்ச்சி, பருவ வளர்ச்சி ரெண்டுலயும் கை வைக்கற மருந்து அது. மேல சொன்ன பனிக்குட நீர் கதையெல்லாம் வயித்துல இருக்கறப்ப நடந்தது, ஏழு வயசுல போய் ஹார்மோனைக் குறைக்கறது சோறு வெந்தப்புறம் அரிசிய ஊறவைக்கற கதை. அந்தக் காசுக்கு பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜிப்மர்ல குழந்தைகள் பிரிவுல காட்டி எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு கேளுங்க.

கேள்வி: பொண்ணுக்கு ஆட்டிசமும் இருக்கு வீசிங்கும் இருக்கு. பஃப்ல ஸ்டீராய்டுனு போட்டிருக்கு, நிறுத்திடலாமா?
- மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: நிறுத்தாதீங்க. நுரையீரலுக்குள்ள போற ரொம்பக் கம்மி டோஸ் அது, நீங்களா நிறுத்தினா ராத்திரியில மூச்சு இழுத்துகிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஸ்பேசர் (பஃப்போட மாட்டற குழாய்) வச்சு குடுங்க, குடுத்ததும் வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க. கொப்புளிக்க மாட்டேன்னு அடம் புடிச்சா ரெண்டு மடக்கு தண்ணி குடிக்க வைங்க, அது போதும்.