அமெரிக்காவில் சிலர் பழைய ரிவால்வரைப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்குவது ஏன்?

ரிவால்வர் என்பது, சுழலும் உருளையின் அறைகளில், பெரும்பாலும் ஆறு அறைகளில், தோட்டாக்களை வைத்திருக்கும் கைத்துப்பாக்கி. விசையை இழுக்கும்போது உருளை சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவருகிறது.

அமெரிக்கக் காவல்துறையினர் நெடுங்காலம் இடுப்பில் அணிந்திருந்தது இதைத்தான். 1980-களிலும் 1990-களிலும் அவர்கள் அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டல்களுக்கு மாறிவிட்டதால், ரிவால்வர் ஒரு தலைமுறையின் இளமைக்கால நினைவாகத் தங்கிவிட்டது. கோல்ட் என்னும் துப்பாக்கி நிறுவனம் 1955-இல் வெளியிட்ட பைத்தான் என்ற ரிவால்வர் இதற்கு மிகச் சிறந்த சான்று. அதன் உறுப்புகளைத் தேர்ந்த கைவினைஞர்கள் கையால் தேய்த்துப் பொருத்தினார்கள். அதனால் விசை வழுக்கிச் செல்வதுபோல் இயங்கியது, எஃகின் ஆழ்ந்த நீல மெருகோ பார்ப்பவர் கண்ணை விட்டு அகலாது. அன்று விலை எட்டாமல் ஏங்கிய இளைஞர், வசதி வந்த வயதில் அதைத் தேடி வாங்குகிறார். கைப்பேசியே நேரம் காட்டும் இக்காலத்தில், அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தைப் போன்ற ஒன்றை நம்மவர் தேடி வாங்குவதும் இதே மனநிலைதான். 2020-இல் அந்நிறுவனம் பைத்தானைத் துருப்பிடிக்காத எஃகில் மீண்டும் வெளியிட்டபோதும், பழையதன் மீதான நாட்டம் மறையவில்லை. என் பார்வையில், அந்தக் கைவேலைக்கு அது தகுந்த மரியாதையே.

பழைய துப்பாக்கி என்றாலே சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று பலர் எண்ணுவது தவறு: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக 1898-க்குள் செய்யப்பட்டவற்றையே தொன்மைப் பொருளாகக் கருதுவதால், 1955-ஆம் ஆண்டுப் பைத்தானை உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குபவருக்கும் குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் சோதனை பொருந்தும்.