குவாத்தமாலாவில் சில வருடங்கள் இருக்கப் போகிறேன். மாயா இடங்களைப் பார்த்து நினைவுக்குறிப்பு எழுத ஆசை. அங்கே எதை, எப்படிக் குறித்துக்கொள்ள வேண்டும்?

மற்றதெல்லாம் அப்புறம். கல்லில் பொறித்திருக்கும் தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மாயா எழுத்து முழுவதும் வேண்டாம், தேதி மட்டும் போதும். சில மாலைகளில் பிடிபட்டுவிடும். இந்த வகைப் பயண நினைவுகள் பலவும் ‘பிரம்மாண்டம்’, ‘மர்மம்’ என்று ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், எதிரே நிற்கும் கல் எந்த வருடத்தது, யார் நட்டது என்பது எழுதியவருக்குத் தெரியாததுதான்.

ஆரம்பிக்கத் தோதான இடம் கீரிகுவா. மோதகுவா பள்ளத்தாக்கில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. சுற்றிப் பார்க்கச் சின்ன இடம்தான். அங்குள்ள ‘ஸ்டெலா இ’ என்ற கல்தூண், மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து 10 மீட்டருக்கு மேல் உயரம். நட்டவர் காக் திலிவ் என்ற அரசர். கி.பி. 738இல் கோபான் நகரத்து அரசரைச் சிறைபிடித்துத் தலையை வெட்டியவர் இவர்தான். முன்னும் பின்னும் அவர் உருவம் இருக்கும். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுத்து இருப்பது பக்கவாட்டில்.

எழுத்துக் கட்டங்களை இரண்டிரண்டு பத்தியாகப் படிக்க வேண்டும்: இடது, வலது, பிறகு அடுத்த வரிசையில் இடது, வலது. அப்படியே கீழே வரை போய், பிறகு அடுத்த ஜோடிப் பத்தி. தேதிக்கு முன்னால் மற்றவற்றைவிடப் பெரிய ஓர் அறிமுகக் குறி இருக்கும். அதைத் தொடர்ந்து ஐந்து அலகுகள்: பக்தூன் (1,44,000 நாள்), கத்தூன் (7,200), தூன் (360), வினால் (20), கின் (1). ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். கோடு என்றால் 5, புள்ளி என்றால் 1.

தவறு நடப்பது பெரும்பாலும் புள்ளிகளில்தான். கோட்டின் மேல் ஒரே புள்ளி இருந்தால் இடம் வெறுமையாகத் தெரியும் என்று சிற்பி அதன் இருபுறமும் பிறைபோல அலங்காரம் செதுக்கியிருப்பார். இரண்டு புள்ளி என்றால் அலங்காரம் நடுவில் வரும். அவசரத்தில் எண்ணினால் 6, 7 இரண்டுமே 8 ஆகிவிடும். உருண்டையாக இருப்பதை மட்டும் எண்ணுங்கள். மழையில் தேய்ந்த கல்லில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு: வினாலின் எண் 17ஐத் தாண்டாது, கின் சுழியம் என்றால், பின்னால் வரும் நாள்பெயர் (260 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இன்னொரு மாயா காலக்கணக்கின் பெயர்) அஹாவ் என்றுதான் இருக்க வேண்டும்.

ஸ்டெலா இ-யில் உள்ள ஒரு தேதி 9.17.0.0.0. கணக்கு இப்படி: 9 × 1,44,000 = 12,96,000; 17 × 7,200 = 1,22,400; கூட்டினால் 14,18,400 நாள். இதை 365.2425ஆல் வகுத்தால் 3883.45 வருடம். அதில் 3112.4 கழித்தால் 771.05, அதாவது கி.பி. 771 ஜனவரி. மாயா கணக்கின் தொடக்கம் கி.மு. 3114 ஆகஸ்ட் என்பதாலும், கி.மு., கி.பி. இடையே சுழிய வருடம் இல்லை என்பதாலும்தான் 3114க்குப் பதில் 3112.4. தூனை வருடம் என்று எடுத்துக்கொண்டால் 56 வருடத்துக்கு மேல் பிசகும்.

அதே இடத்தில் ஸ்டெலா டி இருக்கிறது. அதில் எண்களும் அலகுகளும் முழு உருவ மனிதர்களாகவும் விலங்குகளாகவும் செதுக்கப்பட்டிருக்கும். அழகு, ஆனால் முதல் நாளே அதில் கை வைக்காதீர்கள்.

படம் எடுப்பதற்கு முன் பென்சிலில் வரையுங்கள். பேனா வேண்டாம், அந்த ஈரத்தில் மை ஊறிவிடும். ஓவியம் நன்றாக வர வேண்டியதில்லை. கட்டம் போட்டு எண்களை மட்டும் வரைந்தால் போதும். பிறகு முழுக் கல்லையும் ஒரு படம், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் படம். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். கீரிகுவாவில் தூண்களுக்கு மேல் கூரை போட்டிருப்பதால் நிழல் சமமாகி எழுத்து மங்கும். நான்கு பக்கமும் நடந்து எந்தக் கோணத்தில் புடைப்புத் தெரிகிறது என்று பாருங்கள். கல்லைத் தொடவோ சுண்ணக்கட்டியால் தேய்க்கவோ கூடாது. 1880களில் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இங்கே எடுத்த அச்சுகளிலிருந்து செய்த வார்ப்புகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இன்று தேய்ந்துபோன நுணுக்கங்கள் சில அவற்றில் தெளிவாக உண்டு. வீட்டுக்கு வந்ததும் உங்கள் வரைபடத்தை மாட்ஸ்லே வெளியிட்ட வரைபடங்களோடு ஒப்பிடுங்கள்.

நோட்டில் மூன்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணால் பார்த்தது, வழிகாட்டி சொன்னது, பிறகு படித்தது. ஒரு வருடம் கழித்து எழுத உட்காரும்போது இவை மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். வழிகாட்டிகளில் சிலர் 2012இல் உலகம் அழிய இருந்த கதையை இன்னும் விடவில்லை. 13வது பக்தூன் நிறைவடைந்தது, அவ்வளவுதான்.

‘மறைந்துபோன மாயா இனம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குவாத்தமாலாவில் இன்றும் 20க்கும் மேற்பட்ட மாயா மொழிகள் பேசப்படுகின்றன. மேட்டுநிலத்தில் உள்ள மோமோஸ்தெனாங்கோவில் அதே 260 நாள் கணக்கை நாள்காப்பாளர்கள் விடாமல் எண்ணிவருகிறார்கள். அந்தக் கணக்கில் ‘8 பாட்ஸ்’ என்ற நாளில் அங்கே சடங்கு நடக்கும். 260 நாளுக்கு ஒருமுறை வருவதால் சில வருடங்கள் இருப்பவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு கிடைக்கும். முன்கூட்டியே நாளைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சடங்கு நெருப்பின் பக்கம் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள்.