அப்பாவின் கிண்டலைப் பத்திரப்படுத்த: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிண்டல் கலக்காமல் அப்பாவுக்குப் பேசவே வராது. அவர் மறைந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நினைவுக் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பா எல்லோரையும் சிரிக்க வைப்பார்" என்பதைத் தாண்டி எழுத வரவில்லை. அந்த இடத்தில் சிரிக்க வைப்பது சரியா என்றும் தெரியவில்லை. – ஒரு மகள்

பதில்: தாராளமாகச் சிரிக்க வைக்கலாம். வந்திருப்பவர்களில் பலர் அவர் அடித்த ஏதோ ஒரு கவுன்ட்டரை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது தொடங்கிவைத்தால் தேவலை என்றிருக்கும்.

நீங்கள் எழுதிய வரி எடுபடாது. அதில் அப்பாவின் பேச்சே இல்லை. ஒரு சம்பவத்தை எடுத்து நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: எங்கே நடந்தது, யார் இருந்தார்கள், அவர் வாயைத் திறக்கும் முன் மற்றவர் சொன்னது என்ன, அவர் சொன்ன பதில் என்ன. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எதிராளியின் வாக்கியம் இல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் கேட்பவர்கள் விழிப்பார்கள்.

ஒரு மாதிரி. வீடு முழுக்கத் தேடி அலுத்துப்போன அம்மா, "என் கண்ணாடியப் பாத்தீங்களா?" என்கிறார். பேப்பரை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பா, தலையைத் தூக்காமலே, "மொதல்ல என் கண்ணாடியத் தேடிக் குடு, பாத்துச் சொல்றேன்." அங்கேயே நிறுத்திவிடுங்கள். "என்று நகைச்சுவையாகச் சொன்னார்" என்று வால் ஒட்டினால் சிரிப்பு செத்துவிடும். பேப்பர் மூக்கோடு ஒட்டியிருந்ததைப் பதிலுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். பின்னால் சொன்னால் அது விளக்கவுரை. "குடு" என்றவரை "கொடு" என்று திருத்தவும் வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கு மூன்று சம்பவம், 350 முதல் 400 சொற்கள் போதும். சிரிப்புக்கும் நேரம் விட வேண்டுமே. பெரிய வெடியை முதலில் வைக்காதீர்கள். இறுகிப்போன கூட்டம், சிரிக்கலாமா என்று பக்கத்து முகத்தைத்தான் முதலில் பார்க்கும். சின்னதாக ஒன்றைச் சொல்லி இளக்கிவிட்டு, இரண்டாவதாக வையுங்கள். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரிக்குப் போக வேண்டாம். மூன்றாவது, அவர் கிண்டலை அறவே நிறுத்திய ஒரு தருணமாக இருக்கட்டும்: வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தபோதோ, பிள்ளை தோற்றுவிட்டு வந்தபோதோ அவர் என்ன செய்தார்? குடும்பத்துக்கு அவர் யாராக இருந்தார் என்பது அதில்தான் தெரியும்.

பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். இன்னொரு பிரதியை நெருங்கிய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தொண்டை அடைத்தால் அவர் தொடர்ந்து படிக்கட்டும்.

கேள்வி: மாமாவின் குரல் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகளிலும் ஒரு பழைய கேசட்டிலும் இருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது? – ஒரு மருமகன்

பதில்: வாட்ஸ்அப்பை முதலில் கவனியுங்கள். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை அந்த நிறுவனம் பொதுவாக நீக்கிவிடும். ஆனால் அவர் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் இறக்கிவைத்தவை உங்கள் போனில் இருக்கும். அவர் போன் திறக்காவிட்டாலும் கவலையில்லை. செய்திகள் சில நாளில் தானாக அழியும் 'டிஸப்பியரிங் மெசேஜ்' வசதி ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிட்டு, அந்த உரையாடலை மீடியாவுடன் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் போனில் இதைச் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும், அதை மாற்றாதீர்கள். ஓபஸ் (வாய்ஸ் நோட்டை வாட்ஸ்அப் சேமிக்கும் ஒலிக்கோப்பு) வடிவத்தில் உள்ள மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் அனுப்ப எம்பி3 நகல் எடுங்கள்.

கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ அதற்கென இருப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். நாடாவுக்குப் பின்னால் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும்; நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றலாம். எல்லாம் சரியாக இருந்தால், முழுவதும் முன்னும் பின்னும் ஒரு முறை சுற்றிவிட்டு, பிளேயரிலிருந்து ஒயர் வழியாகக் கணினியில் பதியுங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே போனைப் பிடித்துப் பதிந்தால் அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடும். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் ஸ்டீரியோ வேவ் (WAV) கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். இரைச்சல் நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். அந்த மென்பொருள்கள் மூச்சையும் சிரிப்பின் இழுவையையும் இரைச்சல் என்று சீவிவிடக்கூடும்.

நகல்கள் மூன்று இருக்கட்டும், அதில் ஒன்று வேறொரு வீட்டில்.

கேள்வி: தாத்தாவின் ஒரே ஜோக்கை அத்தை ஒரு மாதிரியும் சித்தப்பா ஒரு மாதிரியும் சொல்கிறார்கள். தொகுப்பில் எதைப் போட? – ஒரு பேத்தி

பதில்: இரண்டையும் போட்டு, சொன்னவர் யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். அவரே ஆளுக்கேற்ப மாற்றிச் சொல்லியிருப்பார். இத்தகையவர்கள் ஒரு ஜோக்கை ஒரே மாதிரி இரண்டு முறை சொல்வது அபூர்வம். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் வழிமொழிவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். "ஜோக் ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றால் ஒன்றும் வராது. "பயணம் கிளம்பும்போது என்ன சொல்வார்? கரண்ட் போனால்? யாராவது லேட்டா வந்தால்?" என்று கேட்டால் கொட்டும்.

கேள்வி: அவர் கிண்டல் சில சமயம் என்னைக் குத்தியிருக்கிறது. அதையும் தொகுப்பில் சேர்க்க வேண்டுமா? – ஒரு மனைவி

பதில்: வேண்டாம். யாரைப் பற்றிய கிண்டலோ, அவர் சம்மதித்தால் மட்டும் சேர்க்கலாம். உங்களைப் பற்றியவற்றை முதலில் நீங்கள் படித்து, வேண்டாததை அடித்துவிட்டு, அதன் பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த பதிலடிகள் இருந்தால் அவற்றையும் மறக்காமல் எழுதுங்கள்.