திட்டிக்கொள்ள எதற்கு மூன்று பக்கம்?

கேள்வி: பத்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். இரண்டாவது தொகுப்பு வந்தபிறகு, பதினான்கு மாதமாக ஒரு கதையும் முடியவில்லை. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சொன்னபடி, விடியற்காலையில் எழுந்து மனதில் வந்ததை மூன்று பக்கம் எழுதுகிறேன். ஏழு மாதமாகிறது, ஒருநாளும் விட்டதில்லை. ‘நீ சோம்பேறி, உன்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது’ என்றுதான் அதில் பாதி வருகிறது. தெரபிக்குப் போ என்கிறாள் தோழி. என் எழுத்தே வலியிலிருந்து வருவதுதான். அதை யாரோ ஆற்றிவிட்டால் எதை வைத்து எழுதுவேன்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்களைச் சோம்பேறி என்று நீங்களே சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு மாதம், நாளுக்கு மூன்று பக்கம் என்றால் அறுநூறு பக்கத்துக்கு மேல் ஆகிறது. கை நன்றாகத்தான் ஓடுகிறது. ‘இது கதை’ என்று நினைத்ததும்தான் நின்றுவிடுகிறது. இன்னும் அரைமணி முன்னால் எழுந்தால் சரியாகிற விஷயமா இது?

மூன்று பக்கப் பயிற்சியை நான் பழிக்கவில்லை. பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு அது கைகொடுக்கும். உங்களுக்கு விட்டுப்போனது பழக்கம் இல்லையே. மனதில் உள்ளதை எழுதித் தீர்ப்பது பற்றிப் பேசும்போது, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வார்கள். மாணவர்கள் தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தைத் தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எத்தனை நாள் தெரியுமா? நான்கே நாள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. பிந்தைய மாதங்களில், நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. யாருக்குப் பலன் கிடைத்தது என்று பின்னால் அவர் துருவிப் பார்த்தபோது, நாளுக்கு நாள் சொல்லும் விதம் மாறியவர்களுக்கு, ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போனவர்களுக்கு என்று தெரிந்தது. உங்கள் அறுநூறு பக்கத்தில் அப்படி ஏதாவது மாறியிருக்கிறதா? முதல் வாரத்து வசவேதான் ஏழாவது மாதத்திலும் என்றால், அந்த நோட்டை இன்றே மூடிவையுங்கள்.

தெரபி என்பது இந்தப் பக்கத்தில் நான் யாருக்கோ சொல்லும் யோசனை மட்டுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னால் தலையங்கம் எழுத முடியாமல் போனது. ஒரு வரி அடிப்பேன், அழிப்பேன், அதே வரியை மறுபடி அடிப்பேன். பார்த்துவந்த மனநல ஆலோசகர் ஒரு வேலை கொடுத்தார்: பத்து நிமிடம், வேண்டுமென்றே மோசமான ஒரு பத்தி எழுதவேண்டும், அழிக்கக் கூடாது, அப்படியே கொண்டுவர வேண்டும். மூன்றாவது வரியிலேயே சுண்டுவிரல் அழிக்கும் விசைக்குப் போய்விட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காதெல்லாம் சுட்டது. எனக்கு இருந்தது பயம் என்று அந்தச் சூட்டில்தான் பிடிபட்டது. அதுவரை அதற்கு ‘தரம்’ என்று பெயர் வைத்திருந்தேன். தனியாக இருந்திருந்தால் அந்த வரியை அழித்துவிட்டு எழுந்துபோயிருப்பேன். அடுத்த வாரம் ஒருவரிடம் காட்டவேண்டும் என்பதால்தான் அது தப்பியது.

இனி வலி. பதினான்கு மாதமாக அது முழுசாக உங்களிடமே இருக்கிறது, யாரும் ஆற்றவில்லை. கதை எங்கே?

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் முதல் சிம்பொனி 1897-இல் அரங்கேறி, படுதோல்வி அடைந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பெரிதாக எதுவும் அவரால் எழுத முடியவில்லை. 1900-இல் நிக்கொலாய் தால் என்ற மருத்துவரிடம் நாள்தோறும் போனார். அறிதுயில் (ஹிப்னாடிச) சிகிச்சையோடு நீண்ட பேச்சும் இருந்தது. தாலுக்கும் இசை தெரியும். அடுத்த ஆண்டு முழுமையாக அரங்கேறிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ராக்மனினோவ் அவருக்கே சமர்ப்பித்தார். அதைக் கேட்டுப் பாருங்கள். துக்கம் எங்கும் போய்விடவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்கவேண்டும். வராமல் போனது கதை மட்டும்தானா? தூக்கம், பசி, தோழிகளோடு பேசும் ஆசை, இவையும் போய்விட்டனவா? இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் கவிந்தே கிடந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம், இன்றே அந்தத் தோழியிடம் சொல்லி, அவளோடு போங்கள். மருந்து கொடுத்தால், எழுதுகிறவள் என்று சொல்லிவிடுங்கள். மந்தமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதலில் பார்க்கிற ஆலோசகர் உங்களுக்கு ஒத்துவராமலும் போகலாம். இரண்டு மூன்று முறை பார்த்தும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரிடம் மாறுங்கள், அதில் தப்பே இல்லை. போகும்போது அந்த நோட்டு வேண்டாம். பாதியில் நிற்கும் கதைகளில் எதைக் காட்ட உங்களுக்கு அதிகம் கூசுகிறதோ, அதை எடுத்துக்கொண்டு போங்கள்.