கவனக்குறைவு வழக்கு வேண்டாம், பிரிவு 90-ஐக் கேளுங்கள்

கேள்வி: அக்காவுக்கு ஒரு பையன் இருக்கிறான். மறுபடி கர்ப்பமானதும் கலைக்கச் சொல்லி மாமியார் நச்சரித்தார். மாமாதான் ஒரு ஓமியோபதி டாக்டரிடம் கூட்டிப்போனார். கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்து, ரத்தம் நிற்காமல் மறுநாளே அக்கா போய்விட்டாள். மாமியார் சாவுக்குக்கூட வரவில்லை. போலீஸ் கவனக்குறைவு வழக்குதான் போட்டிருக்கிறது. டாக்டர் தரப்பு 8 லட்சம் தருவதாகச் சொல்கிறது. கொலை வழக்காக மாற்ற முடியுமா?

பதில்: முடியாது, அது தேவையும் இல்லை. மாமியார் நச்சரித்தது, சாவுக்கு வராதது எல்லாம் உங்கள் மனதை அறுக்கும், புரிகிறது. வழக்குக்கு அவை உதவாது. கருவைக் கலைத்தவர் யார், அதைச் செய்ய அவருக்குத் தகுதி உண்டா? இது ஒன்றுதான் கேள்வி.

கேரளாவில் இதே போன்ற வழக்கு நடந்தது. அங்கேயும் ஓமியோபதி டாக்டர், கருக்கலைப்பு, மரணம். கீழ் நீதிமன்றம் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் இ.பி.கோ. 314-இன் கீழ் (கருவைக் கலைக்கப் போய் மரணம் விளைவித்தல்) 4 ஆண்டு சிறையும் 5,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் சிறையை அவர் ஏற்கெனவே கழித்த நாட்களோடு நிறுத்தி, அபராதத்தை ஒரு லட்சமாக உயர்த்தி, இறந்தவரின் மைனர் பிள்ளைக்குப் போகச் செய்தது.

அந்த 314-தான், இ.பி.கோ.-வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) இன்றைய பிரிவு 90. பெண் சம்மதித்திருந்தாலும் 10 ஆண்டு வரை. மரணம் வரும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கவனக்குறைவு என்று போனால், உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்புப்படி டாக்டரின் மிக மோசமான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். மருத்துவர் குழு 'இது நேரக்கூடிய சிக்கல்தான்' என்று எழுதிவிட்டால் அங்கேயே வழக்கு படுத்துவிடும். பிரிவை மாற்றச் சொல்லி மனுப் போடுங்கள்.

இனி எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம், அந்த 8 லட்சம். பிரிவு 90 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல. என்னிடம் வந்த ஒரு குடும்பம் 20 ரூபாய் பத்திரத்தில் 'புகார் இல்லை' என்று எழுதி, பாதிப் பணம் வாங்கியது. வழக்கு நின்றுவிடவில்லை, சம்மன் வந்தது. கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னார்கள், பிறழ் சாட்சி ஆனார்கள். டாக்டர் விடுதலை, மீதிப் பணம் வரவே இல்லை. பொய்ச் சாட்சிக்கு 7 ஆண்டு வரை தண்டனை உண்டு என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பையனுக்குப் பணம் வேண்டுமென்றால் நீதிமன்றம் வழியாகக் கேளுங்கள். கேரள வழக்கில் ஒரு லட்சம் அப்படித்தான் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது.

அடுத்தது உங்கள் மாமா. பெண்ணைத் தகுதியில்லாத டாக்டரிடம் அழைத்துப்போன ஆணையும் பொது உள்நோக்கம், அதாவது ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்தது, என்று சேர்த்து, 2000-இல் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டித்திருக்கிறது. நீங்கள் கோபத்தில் 'மாமாதான் காரணம்' என்று எழுதிக்கொடுத்தால், கிளினிக்குக்குள் நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். வாயே திறக்க மாட்டார். அதனால் யாரோடாவது சமாதானமாகப் போயே ஆக வேண்டும் என்றால் அது மாமாவோடு. அவர் முதலில் தனக்கென்று ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், அப்புறம் வாக்குமூலம்.

நீங்கள் படமெடுத்து அனுப்பிய கிளினிக் சீட்டைப் பார்த்தேன். பின்பக்கம் நீலப் பேனாவில் 6,500 என்று இருக்கிறது, கீழே தேதி. நகலை மட்டும் போலீஸிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலைக் கொடுத்து, கைப்பற்றியதற்கு ஒப்புகை வாங்குங்கள்.