கடை உங்களுடையது, பெயர் யாருடையது?

கே: பெங்களூரு பக்கம் சின்னக் கடைகளுக்குக்கூட யூபிஐ வரவை வைத்து வரி நோட்டீஸ் போனதாமே? நான் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். ஸ்கேனரைக் கழற்றிவிடலாமா? (வாசகர், ஓசூர்)

ப: வேண்டாம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது உண்மை. பயந்துபோய்ப் பல கடைக்காரர்கள் 'யூபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கவிட்டதும் உண்மை. ஆனால் வரி என்பது விற்பனைக்குத்தான், ஸ்கேனருக்கு அல்ல. பொருள் மட்டும் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். டீக்கடை, மெஸ் எல்லாம் சேவைக் கணக்கில் வருவதால் அவர்களுக்கு 20 லட்சம். கல்லாவில் விழும் ரொக்கமும் இதில் சேர்த்திதான்.

பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. அது மட்டும் விற்றால் பதிவே தேவையில்லை. பக்கத்தில் பிஸ்கட், குளிர்பானம் வைத்தால் காய்கறி விற்பனையையும் சேர்த்துத்தான் 40 லட்சம் கணக்கிடுவார்கள். அப்புறம், கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் தக்காளி விற்ற காசும் ஒரே கணக்கில் விழுந்தால், நாளைக்கு எது எது என்று பிரித்துக் காட்டுவது பெரும் பாடு.

கே: எங்கள் தெரு மெஸ்ஸில் சாப்பாடு 90 ரூபாய். அதே சாப்பாடு ஆப்பில் 130. மெஸ்காரர் ஏமாற்றுகிறாரா? (வாசகி, மதுரை)

ப: இல்லை. ஆப் நிறுவனம் எடுக்கும் கமிஷனுக்காக விலையைக் கூட்டி வைத்திருப்பார். 2022 ஜனவரியிலிருந்து ஆப் வழியாகப் போகும் உணவகச் சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டியை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்ட வேண்டும், மெஸ் பதிவு செய்யாத சின்ன மெஸ்ஸாக இருந்தாலும். அதே தெருவில் இருக்கிறீர்கள். தூக்குச்சட்டியோடு நடந்து போய் வாங்குங்கள், முழுப் பணமும் அவர் கைக்குப் போகும்.

கே: புதிதாக பேக்கரி திறந்திருக்கிறேன். 100 ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் 4,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

ப: கூடாது. அது உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும் பொய்.

கே: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறோம். மூன்று ஆண்டுக்கு முன் 22,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டோம். இப்போது அதைப் போட்டுத் தந்தவர் ரினியூவலுக்கு 18,000 கேட்கிறார். தராவிட்டால் சைட்டை நிறுத்திவிடுவாராம். டொமைன் அவர் பெயரில்தான் இருக்கிறதாம்.

ப: இந்தக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

டொமைன் என்பது உங்கள் வெப்சைட்டின் முகவரி, இணையத்தில் உங்கள் கடைப் பெயர்ப்பலகை. அதை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது, ஆண்டுக் கணக்கில் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். டாட் இன் (.in) என்று முடியும் டொமைன்களை நிர்வகிப்பது நிக்சி என்ற அமைப்பு. நாம் பதிவு செய்வது அதன் கீழ் உள்ள பதிவு நிறுவனங்களிடம். பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளோ சற்று மேலேயோ முடிந்துவிடும் வேலை. பதிவுப் படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதோ, டொமைன் அவருக்குத்தான் சொந்தம். வெப்சைட் போட்டுத் தருபவர் அங்கே தன் பெயரைப் போட்டுக்கொண்டால், நீங்கள் பத்து ஆண்டு உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயரின் சாவி அவர் பாக்கெட்டில்.

எனக்கே இது நடந்தது. அம்மாவின் ஊறுகாய் வியாபாரத்துக்காக ஒருவரிடம் 'மூன்றாண்டு பேக்கேஜ்' எடுத்தேன். லாகின் எதையும் கேட்டு வாங்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அவர் தொழிலையே விட்டுவிட்டார், போனையும் எடுக்கவில்லை. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ பதிந்துகொண்டார்கள். பாட்டிலில் ஒட்ட அச்சடித்த லேபிள் அத்தனையிலும் அந்த முகவரிதான் இருந்தது. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் பழைய பில்லை எடுங்கள். அதில் 'டொமைன் பதிவு' என்று எழுதிப் பணம் வாங்கியிருந்தால் அதுவே உங்கள் ஆயுதம். டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றி, அதை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதற்கான குறியீட்டையும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று அவர் வாதாடுவார். 2019 சட்டத்தில் சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு விலக்கு உண்டு. குடும்பமாகச் சேலை விற்கும் நீங்கள் அதை எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதற்கிடையில் சைட்டில் உள்ள படங்கள், விலைப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

கே: கேபிள்காரரிடம் 'அன்லிமிடெட்' இன்டர்நெட், ஒரு வருடப் பணம் மொத்தமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. மாதக் கடைசியில் வேகம் நின்றே போகிறது. என்ன செய்யலாம்?

ப: ரசீது இல்லாமல் நான் என்ன சொல்ல? ஒரு கிலோ புளி வாங்கினால் தராசைப் பார்ப்பீர்கள்தானே? அன்லிமிடெட் திட்டங்களிலும் ஓர் அளவு உண்டு, பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். சின்ன ஊர்த் திட்டங்களில் அளவு இன்னும் குறைவாக இருக்கலாம். அது எவ்வளவு, குறைந்த பின் வேகம் எவ்வளவு என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லவே குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம் வேண்டும். இன்றே ரசீது கேளுங்கள். பணம் யூபிஐயில் போயிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. அடுத்த முறை மாதாமாதம் கட்டுங்கள். நானும் ஒருமுறை ஆண்டுச் சந்தா கட்டி, நான்காம் மாதம் வீடு மாறி, மீதிப் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் போனவன்.

கே: பழைய சோபாவை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். வாங்குகிறேன் என்றவர் ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து யூபிஐ பின் நம்பர் போட்டதும் 24,000 போய்விட்டது. வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். ஒன்பது நாளாகிறது. (வாசகி, திருச்சி)

ப: திட்டுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்தட்டும். குற்றம் செய்தவன் அவன், நீங்கள் இல்லையம்மா. இதையே தொழிலாகச் செய்கிறவனிடம் மாட்டியிருக்கிறீர்கள். தாமதம்தான், இருந்தாலும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு இன்றே போன் போடுங்கள், சைபர் குற்ற இணையதளத்திலும் பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். அவனோடு பேசிய செய்திகளை அழிக்காதீர்கள். பணம் அவன் கணக்கிலேயே முடக்கப்பட்டிருந்தால் திரும்ப வர வாய்ப்பு உண்டு. உறுதி சொல்ல என்னால் முடியாது. மற்றவர்களுக்கு: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

கே: கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி, மேப்பில் கடை தெரிய ஆண்டுக்கு 6,000 கேட்கிறார்கள்.

ப: இலவசம். போனை வைத்துவிட்டு, உங்கள் சொந்த மின்னஞ்சலிலேயே பதிவு செய்யுங்கள்.